டவுன் சிண்ட்ரோமோடு குழந்தை பிறந்திருக்கிறதா? எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம்

டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையனின் அம்மா நான். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்த சில நாளில் என்னைப் போனில் கூப்பிடும் பெற்றோர் அநேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நடக்குமா, பேசுமா, பள்ளிக்கூடம் போகுமா, எங்கள் காலத்துக்கு அப்புறம் யார் பார்த்துக்கொள்வார்கள்? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுத்தாச்சா?

இருபது வருடம் கழித்து வரும் கவலைக்கு இருபது வருடம் இருக்கிறது. இதயத்துக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. அதனால் இந்தக் கட்டுரையை அவசரத்தின் வரிசையில் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோரை மனதில் வைத்து எழுதியது. மருத்துவப் பகுதி எந்த ஊருக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்தக் குழந்தைகளை வளர்க்கும்போது அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "டவுன்தானே, அப்படித்தான் இருக்கும்." எடை ஏறவில்லையா, அப்படித்தான் இருக்கும். கூப்பிட்டால் திரும்பவில்லையா, அப்படித்தான் இருக்கும். ராத்திரி குறட்டை, மலச்சிக்கல், சோம்பல், எல்லாவற்றுக்கும் இதே பதில். சொல்பவர் பாட்டியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், சில சமயம் டாக்டராகவும் இருக்கலாம். பல நேரம் அந்தச் சிரமத்துக்குப் பின்னால் மருந்தோ, கண்ணாடியோ, சின்ன அறுவை சிகிச்சையோ கொடுத்துச் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று ஒளிந்திருக்கும். அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இது என்ன, ஏன் வந்தது

நம் உடம்பின் செல்களில் குரோமோசோம்கள் 23 ஜோடியாக, மொத்தம் 46 இருக்கின்றன. 21ஆவது ஜோடியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்தால் அதுதான் டவுன் சிண்ட்ரோம். 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதன் அடையாளங்களை விவரித்து எழுதினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. காரணம் கூடுதல் குரோமோசோம்தான் என்பது 1959இல் பாரிஸில் ஜெரோம் லெஜூன் குழுவினரின் ஆய்வில் தெரியவந்தது. உலகம் முழுக்க ஏறக்குறைய 700, 800 பிறப்புக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. ஏழை, பணக்காரர், எந்த நாடு, எந்தச் சாதி என்ற கணக்கெல்லாம் இதற்கு இல்லை.

யார் மேல் பழி என்ற பேச்சு நம் வீடுகளில் சீக்கிரம் கிளம்பிவிடும். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது அந்த ஜோடி பிரியாமல் போவதுதான் காரணம். அதை யாரும் செய்யவுமில்லை, யாராலும் தடுத்திருக்கவும் முடியாது. கிரகணத்தில் வெளியே போனது, பப்பாளி தின்றது, மாமியார் பேச்சைக் கேட்காமல் வண்டியில் போனது எதுவும் காரணம் இல்லை. மாமன் மகளைக் கட்டியதும் காரணம் இல்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் வேறு சில மரபுக் கோளாறுகள் வரும் வாய்ப்பு கூடும். அது இதில் சேராது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு ஏறுவது உண்மை. ஆனால் மொத்தத்தில் இளம் தாய்மார்தான் அதிகம் பிள்ளை பெறுகிறார்கள் என்பதால், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பலரின் அம்மாக்கள் 35 வயதுக்குக் கீழேதான் இருப்பார்கள்.

முகத்தைப் பார்த்தே டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள்: மேல்நோக்கிச் சாய்ந்த கண், தட்டையான மூக்குத்தண்டு, உள்ளங்கையில் குறுக்கே ஓடும் ஒற்றைக் கோடு, துவண்ட உடம்பு. அதோடு விட்டுவிடாமல் கேரியோடைப் என்னும் ரத்தப் பரிசோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அறிக்கை 47 என்று தொடங்கி 21ஆம் குரோமோசோம் கூடுதல் என்று முடிந்தால் வழக்கமான வகை. நூற்றுக்கு 95 பேர் இதில்தான் வருவார்கள். 46 என்று தொடங்கி, 21 வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருப்பதாகச் சொன்னால் அது டிரான்ஸ்லொகேஷன். அப்போது மட்டும் அப்பா அம்மா இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு அதைப் பொறுத்து மாறும். வழக்கமான வகையில் அந்த வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று, தாயின் வயது அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் கூடும். சில செல்களில் மட்டும் கூடுதல் இருக்கும் மொசைக் வகை அபூர்வம். அந்த அறிக்கையை நாலைந்து நகல் எடுத்து வையுங்கள், பிற்பாடு எங்கு போனாலும் கேட்பார்கள்.

முதல் மாதம்: நான்கு பரிசோதனைகள்

முதலில் எக்கோ. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும். சிலருக்குத் தானாக மூடிக்கொள்ளும் சின்ன ஓட்டை. சிலருக்கு மேலறை, கீழறை இரண்டுக்கும் நடுவில் பெரிய திறப்பு. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து "சத்தம் எதுவும் இல்லை, நல்லா இருக்கு" என்று சொன்னால் அது போதாது. பிறந்த புதிதில் நுரையீரலின் ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பதால் பெரிய ஓட்டைகூடச் சத்தம் காட்டாமல் இருக்கும். குழந்தை மொழுமொழுவென்று இருந்தாலும் முதல் மாதத்துக்குள் எக்கோ எடுத்துவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பெரிய திறப்புள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வார்கள். "கொஞ்சம் எடை ஏறட்டும், ஒரு வயசாகட்டும்" என்று நாமாகத் தள்ளிப்போட்டால் அதிக ரத்தம் பாய்ந்து பாய்ந்து நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகிவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் அறுவை சிகிச்சையே செய்ய முடியாது என்று கையை விரித்துவிடுவார்கள். தேதியை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை வருகிறது. அட்டை இல்லாவிட்டால் இன்றைக்கே அதற்கு அலையத் தொடங்குங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது பால் குடிக்கும் நேரத்தை. ஐந்தாறு வாய் உறிஞ்சிவிட்டு விட்டுவிடும். மூச்சு வேகமாக வாங்கும், விலா எலும்புக்கு நடுவில் குழி விழும். மின்விசிறிக்குக் கீழே இருந்தும் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். மறுபடி வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்கிப்போகும். "சமர்த்துக் குழந்தை, அழவே மாட்டேங்குது" என்று வீட்டில் பாராட்டிக்கொண்டிருப்பார்கள். இது களைப்பு, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டிய அறிகுறி.

இரண்டாவது தைராய்டு. டி.எஸ்.எச். என்னும் தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பிறந்ததும், ஆறாம் மாதத்தில், ஒரு வயதில், அப்புறம் வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். தைராய்டு குறைந்தால் மூளை வளர்ச்சி தடைப்படும், குழந்தை மந்தமாகும், மலச்சிக்கல் வரும். மூன்றுமே "டவுன்தானே" என்று ஒதுக்கப்படும் விஷயங்கள். தினம் காலையில் ஒரு சின்ன மாத்திரையில் சரியாகிவிடும்.

மூன்றாவது காது. பிறந்த குழந்தைக்குச் செய்யும் கேட்கும் திறன் பரிசோதனையில் தேறிவிட்டாலும் வேலை முடியவில்லை. இவர்களின் காதுத் துவாரம் குறுகல்; நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சர்வ சாதாரணம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். காதுக்குள் நீர் இருக்கும் குழந்தைக்கு நாம் பேசுவதெல்லாம் தண்ணீருக்கடியில் இருந்து கேட்பதுபோல் கேட்கும். அப்புறம் பேச்சு வரவில்லை என்று பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன பயன்?

நான்காவது, முதல் சில நாளில் ஒரு முழு ரத்த அணு எண்ணிக்கை. பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறந்த புதிதில் வெள்ளை அணுக்கள் தற்காலிகமாகத் தாறுமாறாக இருக்கும். பெரும்பாலும் தானே சரியாகும், ஆனால் கண்காணிப்பு வேண்டும், சிலருக்குப் பிற்பாடு ரத்தப் புற்றுநோயாகத் திரும்பலாம்.

கண்புரை இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரே பார்த்துவிடுவார். ஆறு மாதத்துக்குள் கண் மருத்துவரிடம் ஒருமுறை. தடுப்பூசிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ள அதே அட்டவணைதான், நிமோனியா தடுப்பூசியையும் வருடாந்திர ஃபுளூ ஊசியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். பிறந்ததிலிருந்து பச்சையாக வாந்தி எடுத்தாலோ, முதல் இரண்டு நாளில் மலம் போகாவிட்டாலோ குடலில் அடைப்பு இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

பால், குளியல், தூளி

தாய்ப்பால் குடிக்க முடியாது என்று யாராவது சொன்னால் முதல் நாளே நம்பிவிடாதீர்கள். நாக்கும் தாடையும் தளர்வாக இருப்பதால் பிடிப்பு வரக் கொஞ்சம் நாள் ஆகும், அவ்வளவுதான். குழந்தையின் தலை உயர்ந்து இருக்கும்படி அணைத்து, உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கன்னத்துக்கு இரு பக்கம் வைத்துத் தாடையைத் தாங்கிப் பிடித்தால் பல குழந்தைகள் கற்றுக்கொள்கின்றன. அதுவரை பாலைப் பீய்ச்சிச் சங்கில் கொடுக்கலாம். படுக்க வைத்து ஊற்றாதீர்கள்; நிமிர்த்திப் பிடித்து, சங்கின் நுனியை உதட்டில் வைத்து, குழந்தை விழுங்கும் வேகத்துக்குச் சாயுங்கள்.

குளிப்பாட்டும் விஷயத்தில் பெரியவர்களோடு கொஞ்சம் சண்டை வரும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதிச் சளி எடுப்பது, தொண்டைக்குள் விரலை விட்டு வழிப்பது எதுவும் வேண்டாம். எந்தக் குழந்தைக்குமே கூடாது. விழுங்குவதில் ஒருங்கிணைப்புக் குறைந்த இந்தக் குழந்தைக்கு எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக முடியும். உடம்பில் எண்ணெய் தேய்ப்பது தாராளமாகச் செய்யட்டும். பாட்டிக்கு அந்த உரிமையை விட்டுக்கொடுத்தால் மற்றதில் பணிந்துவருவார்.

தூளியும் அப்படித்தான். தூங்க வைக்கக் கொஞ்ச நேரம் சரி. நாள் முழுக்கத் தூளியில் கிடந்தால் துவண்ட உடம்பு உள்வாங்கிக் கழுத்து மடங்கும், கைகாலை ஆட்ட இடமிருக்காது. விழித்திருக்கும் நேரம் தரையில், பாயில். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு நாளைக்குப் பல தடவை, இரண்டிரண்டு நிமிஷமாவது குப்புறப் போடுங்கள். மல்லாக்கப் படுக்கும்போது தொடைகள் தவளைபோல் விரிந்துகிடந்தால் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை கொடுங்கள்.

பயிற்சி எங்கே, எப்படி

எக்கோ முடிந்து, டாக்டர் தடையில்லை என்றதும் பயிற்சி ஆரம்பிக்கலாம், இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கே. பணம் கட்டும் இடத்தைத் தேடுவதற்கு முன் உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அல்லது தலைமை மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் அது. குழந்தை மருத்துவர், இயன்முறை, பேச்சு, காது, கண், பல் என்று ஒரே கூரையின் கீழ், கட்டணமில்லாமல். எல்லா மையத்திலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் தொடங்க நல்ல இடம்.

சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தி. நகரில் மதுரம் நாராயணன் மையம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோரையே பயிற்சியாளராக்கும் முறையில் நடத்துகிறார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். சுரேகா ராமச்சந்திரன் தொடங்கிய இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பின் தலைமையிடமும் சென்னைதான். தன் மகளுக்காகத் தேடத் தொடங்கிய ஒரு அம்மா அவர்.

வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம் பயிற்சியாளர் செய்வது பெரிதில்லை. அவர் செய்வதைப் பார்த்து நீங்கள் வீட்டில் செய்வதுதான் பெரிது. ஒவ்வொரு முறையும் "வீட்டில் இந்த வாரம் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

உட்கார, நிற்க, நடக்க எல்லாம் வரும்; தாமதமாக வரும். பெரும்பாலானோர் இரண்டு வயதை ஒட்டி நடக்கிறார்கள், சிலர் நான்கு வயதில். தங்கைக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த மாதத்தில் வந்தது என்ற கணக்கை மூடி வையுங்கள்.

மூளை வளர்ச்சி டானிக், ஊசி, ஸ்டெம் செல், விசேஷப் பத்தியம் என்று யாராவது கட்டாயம் வந்து சேருவார்கள். குரோமோசோமை மாற்றும் மருந்து உலகில் எங்கும் இல்லை. இதற்கு ஸ்டெம் செல் என்று பணம் வாங்குவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைக்கே விரோதம். அந்தக் காசுக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போகலாம். கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்வது உங்கள் விருப்பம், பயிற்சி நாளில் மட்டும் போகாதீர்கள்.

பேச்சு: பொறுத்திருப்பதுதான் கஷ்டம்

இந்தக் குழந்தைகள் பேசுவதைவிடப் புரிந்துகொள்வது அதிகம். இதை மனதில் ஆழமாகப் பதிய வையுங்கள், ஏனென்றால் அவர்கள் எதிரிலேயே அவர்களைப் பற்றிப் பேசும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு.

வாய் திறக்கும் முன் கை பேசட்டும். பால், தண்ணி, இன்னும், போதும், போகலாம் என்று ஐந்தாறு சைகைகளை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்யுங்கள், செய்யும்போது சொல்லையும் சொல்லுங்கள். சைகை பழகினால் பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள், நடப்பது நேர்மாறு. கேட்டது கிடைக்கும் என்று தெரிந்த குழந்தைக்குத்தான் பேச ஆசை வரும். முதல் சொற்களுக்கு நம் மொழி வாட்டமானது: வா, போ, தா, பூ, அம்மா, மாமா, பாப்பா. அதிலிருந்து தொடங்குங்கள். வார்த்தையைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிப் படத்தோடு காட்டுங்கள். காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது இவர்களுக்கு நன்றாக நிற்கும். அ, ஆ முழுவதும் தெரியாமலேயே "அம்மா", "தோசை" என்று முழுச் சொல்லாக அடையாளம் கண்டுபிடிக்கும் பிள்ளைகள் உண்டு. எழுத்து அப்புறம் வரட்டும்.

கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். எங்கள் தெரு மளிகைக் கடையில் புதிதாக வந்த பையன், என் மகனைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "தம்பி பேர் என்னக்கா?" "அவன்கிட்டயே கேளு" என்றேன். கேட்டான். என் மகன் கல்லாப்பெட்டியைப் பார்த்தான், மேலே தொங்கிய ஷாம்பு சரத்தைப் பார்த்தான், உதட்டை ஒருமுறை அசைத்தான். பின்னால் நின்றவர் "பேச வராதோ?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. துவரம்பருப்பு நிறுத்து முடிந்த பிறகு, பெயரையும் சொல்லி, "அரைக் கிலோ சர்க்கரை" என்றும் சேர்த்துச் சொன்னான். சர்க்கரை பட்டியலில் இல்லை, அது வேறு விஷயம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள் என்று பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். கடையில் நாலு பேர் பார்க்கும்போது பத்து எண்ணுவது சுலபமில்லை.

நடுரோட்டில் சட்டென்று உட்கார்ந்துகொண்டு நகர மறுப்பதும் இவர்களுக்குப் பழக்கம். பிடிவாதம் என்று இழுக்காதீர்கள். பெரும்பாலும் அடுத்து என்ன என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்காது. கிளம்பும் முன்பே, "முதலில் பால் பூத், அப்புறம் பார்க், அப்புறம் வீடு" என்று, முடிந்தால் படத்தோடு, சொல்லிவிடுங்கள்.

காகித வேலை

அலுப்பான பகுதி, வேகமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அறிவுசார் குறைபாடு ஒரு வகை; 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் பெரும்பாலான உரிமைகள் வரும். சுவாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவின் முன் காட்டினால் யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தருவார்கள். சின்ன வயதில் தருவதற்குக் காலாவதித் தேதி இருக்கும், அதைக் காலண்டரில் குறித்துவையுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும்; அங்கே பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள், 2023 முதல் மாதம் 2000 ரூபாய். ரயிலில் துணைக்கு வருபவருக்கும் சேர்த்துக் கட்டணச் சலுகை உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிக் கட்டணத்துக்கும் கேட்கலாம். ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ளமாட்டார்கள், அதுதான் அதன் அருமை.

அரசு ஊழியர் வீடென்றால் ஒன்று கூடுதலாக: சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குப் பெற்றோருக்குப் பின் வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

பள்ளிக்கூடம்

அங்கன்வாடியில் போடுங்கள். அதுதான் முதல் பள்ளிக்கூடம், அங்கே மற்ற பிள்ளைகளைப் பார்த்துக் கற்பதை எந்தப் பயிற்சி அறையும் தராது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை, பக்கத்துப் பள்ளியிலோ, வேண்டுமென்றால் சிறப்புப் பள்ளியிலோ. "எங்களிடம் வசதி இல்லை" என்று பள்ளி சொன்னால் வட்டார வள மையத்தில் போய்ச் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு அவர்கள் சுற்றில் வருவார்கள்.

சாதாரணப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்ற சண்டையில் எனக்கு ஒரு கட்சிதான்: முடிகிறவரை சாதாரணப் பள்ளி. ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துக் கலர் பென்சில் கொடுத்துவிடும் பள்ளி எந்தப் பெயரில் இருந்தாலும் வேண்டாம். ஆசிரியரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். முன் வரிசை இடம், ஏனென்றால் காதும் கண்ணும் சுமார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. கரும்பலகையில் இருப்பதை எழுதச் சொல்வதற்குப் பதில் கோடிட்ட இடமோ படமோ. பொதுத்தேர்வு வந்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம்; விண்ணப்பத்தை வருடத் தொடக்கத்திலேயே கொடுங்கள்.

உடற்கல்வி ஆசிரியரிடம் தனியாகச் சொல்ல வேண்டியது கழுத்து. முதல் இரண்டு கழுத்தெலும்புகளின் இணைப்பு இவர்களில் சிலருக்குத் தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது வேண்டாம். ஓட்டம், நீச்சல், பந்து எல்லாம் சரி. நன்றாக நடந்த பிள்ளை தடுமாற ஆரம்பித்தால், கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தால், அடக்கிய சிறுநீர் மறுபடி தெரியாமல் போனால் அன்றே மருத்துவமனை. எந்த மயக்க மருந்துக்கு முன்பும், பல் பிடுங்குவதாக இருந்தாலும், கழுத்தைப் பற்றி டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

வகுப்பில் தூங்கி வழிகிறானா? ராத்திரி குறட்டை விடுகிறானா, உட்கார்ந்தபடி முன்னால் கவிழ்ந்து தூங்குகிறானா என்று பாருங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடுவது இவர்களுக்கு மிகச் சாதாரணம். நான்கு வயதுக்குள் ஒரு தூக்கப் பரிசோதனை செய்வது நல்லது. டான்சில், அடினாய்டு எடுத்த பிறகு படிப்பே மாறிய பிள்ளைகள் உண்டு.

சொந்தக்காரர்களுக்கு நாலு வரி

குழந்தை பிறந்திருக்கிறது. ஸ்வீட் வாங்கிக்கொண்டு போங்கள். தொட்டில் போடுவது, பெயர் வைப்பது, காதுகுத்து எல்லாவற்றுக்கும் எல்லாக் குழந்தைக்கும் கொடுப்பதுபோல் மொய்யும் எழுதுங்கள். "கடவுள் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கார்" என்று சொல்ல வேண்டாம். அம்மா தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும், குழந்தையை இரண்டு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "மங்கோல்" என்ற பழைய சொல்லைச் சில டாக்டர்களே இன்னும் விடவில்லை, நீங்களாவது விட்டுவிடுங்கள். வளர்ந்த பிறகும் "எப்பவும் சிரிச்ச முகம், குழந்தை மாதிரி" என்று கன்னத்தைக் கிள்ளாதீர்கள். கோபம், வெட்கம், பொறாமை, பிடித்த நடிகர் எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

பெரிய பிள்ளை ஆன பிறகு

வயதுக்கு வருவது மற்றவர்களைப்போல் அதே வயதில்தான். நாப்கின் மாற்றுவதைப் பொம்மையில், படத்தில் வைத்துப் பல மாதம் முன்பே பழக்குங்கள். உடம்பின் அந்தரங்க இடங்களின் பெயர், யார் தொடலாம் யார் தொடக்கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியவை எவை, இவற்றைப் பையனுக்கும் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டும். எல்லோரையும் கட்டிப்பிடிப்பது ஐந்து வயதில் அழகு. அப்போதே கைகுலுக்கவோ வணக்கம் சொல்லவோ மாற்றிப் பழக்கிவிட்டால் பதினைந்தில் சிரமப்பட வேண்டாம். எடையும் இந்த வயதில்தான் ஏறும். பிஸ்கட் பரிசு வேண்டாம், நடக்க விடுங்கள்.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டு, அறையை விட்டு வராமல், தெரிந்த வேலையையும் செய்ய மறுக்கும் இளைஞர்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறேன். வீட்டில் சொல்வது அதே "டவுன்தானே" வாக்கியம்தான். அது மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், தூக்கக் கோளாறாக இருக்கலாம், யாராவது சீண்டியதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் விலக்க வேண்டும். 40 வயதுக்கு மேல் அல்சைமர் என்னும் மறதி நோய் சீக்கிரம் வருவது உண்மை; அதற்குக் காரணமான புரதத்தின் மரபணு இதே 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. ஆனால் மறதி என்று முடிவு கட்டும் முன் கண்புரை, காது, தைராய்டு மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

1980களில் அமெரிக்காவில் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதை ஒட்டி இருந்தது; இன்று 60ஐத் தொடுகிறது. இதய அறுவை சிகிச்சை அதில் பெரிய காரணம். ஆகவே பெற்றோர் காலத்துக்குப் பிறகும் அவர்கள் வாழ்வார்கள் என்று வைத்தே திட்டமிடுங்கள். 18 முடிந்ததும் சட்டப்படி நீங்கள் தானாகக் காப்பாளர் இல்லை. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப் பாதுகாவலர் சான்று வாங்கலாம். வங்கிக் கணக்கு, சொத்து, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். உயில் எழுதும்போது "தம்பி பார்த்துக்கொள்வான்" என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து எல்லாவற்றையும் தம்பி பெயரில் எழுதாதீர்கள், ஒரு வக்கீலோடு உட்கார்ந்து அறக்கட்டளை வைப்பதைப் பற்றிப் பேசுங்கள். தம்பியிடம், அவனுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே, எது முடியும் எது முடியாது என்று நேராகக் கேளுங்கள். உங்கள் மகனிடமோ மகளிடமோ கேட்பதையும் விட்டுவிடாதீர்கள்: யாரோடு இருக்கப் பிடிக்கும், என்ன வேலை செய்யப் பிடிக்கும். கேட்டுவிட்டுப் பத்து எண்ணுங்கள். ஒரு தடவைக்கு நாலு தடவை, வேறு வேறு நாளில் கேளுங்கள். வரும் பதிலை அந்தக் காகிதத்திலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.